“கொப்பியில இடியோபதிக் எண்டு எழுதியிருக்கு”: விடாத கண் அழற்சி பற்றிக் கேள்வி-பதில்

இந்த முறை சேர்ந்த கடிதங்களில் கனக்கவற்றில் ஒரே முறைப்பாடு. கண் சிவக்குது, உள்ளுக்குள் நோகுது, வெளிச்சம் பார்க்க ஏலாமல் கிடக்குது. மருந்து விட்டால் அடங்குது, நாலைந்து மாதத்தில் திரும்பவும் வந்து நிற்குது. காரணம் கேட்டால் டொக்டர்மார் கையை விரிக்கிறார்கள். வன்னியில் கண் கிளினிக் பார்த்தவள் என்ற முறையில் எனக்கும் பழகிய முறைப்பாடுதான். கையை விரித்தவர்களில் நானும் ஒருத்தி. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

புதுக்குடியிருப்பில் இருந்து: “வயது 34, மேசன் வேலை. ரெண்டு வருசத்தில மூண்டு தரம் இடது கண், ஒருக்கா வலது கண். இரத்தம், எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாச்சு, ஒண்டும் இல்லையாம். கிளினிக் கொப்பியில ‘இடியோபதிக்’ எண்டு எழுதியிருக்கு. அது என்ன வருத்தம்? மாறுமா?”

அது வருத்தத்தின் பெயர் இல்லை, தம்பி. “காரணம் பிடிபடவில்லை” என்பதை நாங்கள் கொஞ்சம் மரியாதையாக எழுதுகிற விதம். வருத்தத்தின் பெயர் அதற்குப் பக்கத்தில் இருக்கும்: யுவியைட்டிஸ். பள்ளிக்கூடத்தில் கண் படம் கீறிப் பெயர் குறித்திருப்பீர்கள். கதிராளி, பிசிர் உடல், தோலுரு மூன்றும் சேர்ந்ததுதான் கண்ணின் நடுப்படை. இரத்தக் குழாய் நிறைந்த இடம். அங்கே அழற்சி வந்தால் யுவியைட்டிஸ். முன்பக்கத்தில் வந்தால் சிவக்கும், நோகும், வெளிச்சம் கூசும். பின்பக்கத்தில் வந்தால் சிவக்காமலே பார்வை மங்கும், கண்ணுக்கு முன்னால் கறுப்புப் பூச்சி பறக்கிற மாதிரித் தெரியும். ஊரில் பரவுகிற கண்நோய் பீளை தள்ளும், வீட்டில் நாலு பேருக்குத் தொத்தும். இது பீளை இல்லாமல் நோகும், ஒருவருக்கும் தொத்தாது.

யுவியைட்டிஸ் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு தொடக்கம் அரைவாசிப் பேர் வரைக்கும், எல்லாச் சோதனையும் செய்த பிறகும் காரணம் அகப்படுவதில்லை. கொழும்பு, மதுரை, லண்டன், எங்கே போனாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. ஆகவே “வன்னியில வசதி இல்லாதபடியால் கண்டுபிடிக்கவில்லை” என்று மனதைப் போட்டு உழப்ப வேண்டாம்.

காரணம் தெரியாவிட்டாலும் அழற்சியை அடக்கத் தெரியும். ஸ்டீரொயிட் துளி முதலில் மணித்தியாலத்துக்கு ஒருக்கா, பிறகு கிழமைக்குக் கிழமை குறைத்து, ஆறு கிழமை அளவில் நிற்பாட்டுவது வழக்கம். அதோடு கண்மணியை விரிக்கிற துளி ஒன்றும் தருவார்கள். பார்வையை மங்கலாக்குகிறது என்று பலர் அதை மூன்றாம் நாளே எறிந்துவிடுகிறார்கள். அந்தத் துளி இல்லாவிட்டால் கதிராளி பின்னால் இருக்கும் வில்லையோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினது பிறகு இலேசில் பிரியாது. கண் பிரஷர் கூடுவதற்கும் அது வழி விடும்.

இனி உங்களுக்கென்று ஒரு கேள்வி. காலமை எழும்பும்போது நாரி பிடித்துக்கொண்டு, அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் நடந்து திரிந்த பிறகுதான் இளகுதா? மேசன் வேலை செய்கிறவருக்கு நாரி நோகாமல் எப்படி இருக்கும் என்று நீங்களே சமாதானம் சொல்லியிருப்பீர்கள். வேலை செய்து வந்த நோ படுத்தால் குறையும். நான் சொல்லுகிறது படுத்தால் கூடும், வேலை செய்தால் குறையும். அது முள்ளந்தண்டு மூட்டுகளில் வரும் அழற்சி. கண்ணில் திடீரென்று, ஒரு தரத்துக்கு ஒரு கண்ணாக, மாறி மாறி வருகிற யுவியைட்டிஸுக்கு அது நெருங்கின உறவு. எச்.எல்.ஏ.-பி27 என்று ஒரு இரத்தப் பரிசோதனை உண்டு. சாதாரணமாக எடுக்கிற இரத்தத்தில் அது சேராது, தனியாகக் கேட்டு எழுதவேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் வயதுப் பெடியன் ஒருவனுக்கு மூன்று வருடம் நான் “இடியோபதிக்” என்றே எழுதிக்கொண்டு இருந்தேன். ஒருநாள் அவன் கிளினிக் வாங்கில் இருந்து எழும்பும்போது இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, கிழவன் மாதிரி எழும்பினான். அன்றைக்குத்தான் நாரியைப் பற்றி முதல்தரம் கேட்டேன். கண் டொக்டரிடம் நாரிக் கதை எதற்கு என்று அவன் சொல்லவில்லை. கண்ணைத் தவிர வேறெதையும் நான் கேட்கவுமில்லை.

ஆகவே அடுத்த கிளினிக்குக்குப் போகமுதல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: நாரி, மூட்டு வீக்கம், அடிக்கடி வரும் வாய்ப்புண், பிறப்புறுப்பில் புண், தோலில் தடிப்பு, காதில் இரைச்சல், திடீரென்று நரைத்த இமைமயிர், மாதக்கணக்கில் இருமல், மெலிவு, போன வருடம் வந்த பெரிய காய்ச்சல். சிகரெட் பத்துகிறவர் என்றால் அதையும். புகை இந்த அழற்சியைக் கூட்டும்.

பரந்தனில் இருந்து: “கிளினிக்கில தந்த மருந்து முடிஞ்சுது. பாமசியில போத்திலைக் காட்ட அதே மருந்து தந்தாங்கள். விட்டு ரெண்டு நாளில சிவப்பு போட்டுது. இனி சிவக்கிற நேரம் நானே வாங்கி விடலாம்தானே?”

விடக்கூடாது. சிவப்பு போனதை வைத்து அழற்சி போய்விட்டது என்று கணிக்க எனக்கே ஏலாது. நாடியை வைத்துப் பார்க்கிற அந்த ஸ்லிட் லாம்ப் மெசின் வேண்டும். கண்ணின் முன் அறையில் மிதக்கும் அழற்சிக் கலங்களை அதிலேதான் எண்ணலாம். வெளியே வெள்ளையாக இருக்கிற கண்ணுக்குள் அவை நிறைய நிற்கும். பாதியில் நிற்பாட்டின துளிதான் நாலாம் மாதம் திரும்பி வருகிற கதைகளில் பாதிக்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது, எல்லாச் சிவப்பும் யுவியைட்டிஸ் இல்லை. அக்கி இனத்து வைரஸ் கருவிழியில் புண் போட்டாலும் கண் இதே மாதிரித்தான் சிவக்கும். அந்த நேரம் ஸ்டீரொயிட் துளியை மட்டும் விட்டால் புண் பரவும். அறுவடை நேரம் நெற்சுணையோ வைக்கோலோ கண்ணில் அடித்து, அதிலிருந்து பங்கசு பிடித்த புண் என்றால் இன்னும் மோசம். இரண்டு நாள் நோ குறைந்து சுகம் மாதிரி இருக்கும். கிளினிக்குக்கு வரும்போது கருவிழி வெள்ளை பூத்திருக்கும்.

மூன்றாவது கண் பிரஷர். ஸ்டீரொயிட் துளியைக் கிழமைக்கணக்கில் விட்டால் மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு ஓரளவாவது பிரஷர் ஏறும், சிலருக்குக் கடுமையாக ஏறும். 10 தொடக்கம் 21 வரை இருக்கவேண்டியது 35, 40 என்று போனாலும் மெல்ல மெல்ல ஏறினால் நோகாது. பார்வை ஓரத்தில் இருந்து குறைந்துகொண்டு வரும், அப்படிப் போன பார்வை திரும்பாது. பாமசியில் நிற்கிற பிள்ளை பிரஷர் பார்த்தா தந்தது?

இன்னொன்று. அந்த வெள்ளைத் துளிமருந்து அடியில் படியும். நன்றாகக் குலுக்காமல் விட்டால் மேலே இருக்கிற தண்ணிதான் கண்ணுக்குப் போகும். திறந்து நாலு கிழமை ஆன போத்திலை எறிந்துவிடுங்கள். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள்.

மல்லாவியில் இருந்து: “நந்தியாவட்டைப் பூவும் தாய்ப்பாலும் விடச் சொல்லிப் பரியாரியார் சொன்னவர். கிரந்தி எண்டு கத்தரிக்காய், இறால், நண்டு எல்லாம் நிப்பாட்டிப் போட்டன். சரியா?”

பூவை மூடிய கண்ணுக்கு மேல் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், பாதகம் இல்லை. கண்ணுக்குள் தாய்ப்பாலோ தேனோ எதையும் விடவேண்டாம். நண்டைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

விசுவமடுவில் இருந்து: “தை மாசம் வயலுக்கால வந்து கடும் காய்ச்சல், எலிக்காய்ச்சல் எண்டு ஆசுபத்திரியில வைச்சிருந்தவை. சுகமாகி மூண்டு மாசம் கழிச்சு ரெண்டு கண்ணும் மங்கல், ஒரு கண் சிவப்பு. கண் டொக்டருக்குக் காய்ச்சலைச் சொல்லேல்ல. சொல்லியிருக்க வேணுமா?”

கட்டாயம். நாளைக்கே போய்ச் சொல்லுங்கள்.

எலிக்காய்ச்சலைச் சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் ஆகாத வருத்தமாகத்தான் எங்கள் சனத்துக்குத் தெரியும். அது கண்ணுக்கும் வரும்; ஆனால் காய்ச்சலோடு வருவதில்லை. காய்ச்சல் நேரத்தில் கண் சிவக்கிறது வேறு, அது காய்ச்சலோடு மாறிவிடும். யுவியைட்டிஸ் சில கிழமைகளிலும் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். அதற்கிடையில் காய்ச்சலை ஆள் மறந்துவிடுவார், கண் டொக்டரும் கேட்கமாட்டார், கொப்பியில் “இடியோபதிக்” ஏறிவிடும். இலேசான காய்ச்சலாக வந்து பனடோலோடு மாறியிருந்தால் அது எலிக்காய்ச்சல் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

1993 கடைசியில் மதுரைப் பக்கம் பெரிய வெள்ளம் வந்தது. அதற்குப் பிறகு அங்கேயுள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒரே மாதிரியான யுவியைட்டிஸோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தேடிப் பார்த்ததில் எலிக்காய்ச்சல் கிருமி அகப்பட்டது. 73 பேரின் விபரம் 1997இல் மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. அதை வாசித்த பிறகு, வயல் செய்கிறவர் யார் வந்தாலும் “கடைசியாக எப்ப காய்ச்சல் வந்தது, அப்ப கெண்டைக்கால் நொந்ததா?” என்று கேட்காமல் நான் விடுவதில்லை. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளத்துத் தண்ணியில் விதைக்கிற ஊரில் அதைக் கேட்காமல் வேறெங்கே கேட்பது? 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் இந்தக் காய்ச்சல் பரவி ஆட்கள் இறந்ததும் நினைவிருக்கும்.

கிருமிக்கு எதிரான பிறபொருளெதிரி இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம். கொழும்பில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்தச் சோதனை செய்கிறார்கள். உங்களை ஆசுபத்திரியில் வைத்திருந்தபடியால் நோய் நிர்ணய அட்டை தந்திருப்பார்கள், அதைக் கையோடு கொண்டு போங்கள். இந்த வகை யுவியைட்டிஸ் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் ஸ்டீரொயிட்டுக்கு நன்றாக அடங்கும். வேளைக்குத் தொடங்கினவர்களுக்குப் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். அடுத்த காலபோகத்துக்கு வயலுக்கு இறங்கமுதல் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் டொக்சிசைக்கிளின் குளிசை பற்றிக் கேளுங்கள். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் அதைச் சுகப்படுத்திப்போட்டு இறங்குங்கள்.

முள்ளியவளையில் இருந்து: “கல்யாணம் கட்டி 11 வருசம். கண்ணுக்குக் காட்டப் போன இடத்தில பாலியல் நோய்க்கு இரத்தம் எடுக்கச் சொல்லிப்போட்டினம். துண்டை அவருக்குக் காட்டேல்ல. ஏன் எனக்கு அப்பிடி எழுதினவை?”

உங்களைப் பார்த்து எழுதினது இல்லை, தங்கச்சி. விடாத யுவியைட்டிஸோடு வருகிற எல்லாருக்கும் வி.டி.ஆர்.எல்., அதாவது சிபிலிஸ் என்ற பாலியல் நோயைத் தேடுகிற இரத்தச் சோதனை, எழுதுவோம், பாதிரியார் வந்தாலும் எழுதுவோம். கர்ப்பிணிக் கிளினிக்கில் உங்களுக்கு இதே சோதனையை முன்னமே எடுத்திருப்பார்கள், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். சிபிலிஸ் கண்ணில் எந்த வேசமும் போடும், எந்த யுவியைட்டிஸ் மாதிரியும் தோன்றும். பெனிசிலின் ஊசியால் முழுதாக மாறக்கூடிய காரணம் அது. அப்படியிருக்க அதைத் தேடாமல் ஸ்டீரொயிட்டை மட்டும் கொடுப்பது பிழை. சயரோகத்தையும் இதே நியாயத்தில்தான் தேடுகிறோம்: நெஞ்சு எக்ஸ்ரே, கையில் ஊசி போட்டு மூன்றாம் நாள் தடிப்பை அளக்கிறது. இருமலே இல்லாதவருக்கும் சயரோகம் கண்ணில் இருக்கலாம்.

துண்டைக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம். இரத்தத்தை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

துணுக்காயில் இருந்து: “மகளுக்கு 5 வயது. முழங்கால் வீங்கி மூட்டு வாதம் எண்டு மருந்து எடுக்கிறம். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா கண் கிளினிக்குக்கும் வரச் சொல்லுகினம். பிள்ளைக்குக் கண்ணில ஒண்டும் இல்லை, சிவப்புமில்லை, நோவுமில்லை. பஸ் ஏறி அலையிறதுதான் மிச்சம்.”

அம்மா, சிவக்காது என்பதற்காகத்தான் வரச் சொல்லுகிறார்கள். சின்னப் பிள்ளைகளின் மூட்டு வாதத்தோடு வருகிற யுவியைட்டிஸ் சத்தமே போடாது. கண் வெள்ளையாக இருக்கும், பிள்ளை ஓடி விளையாடும், உள்ளுக்குள் கதிராளி ஒட்டிக்கொண்டு போகும், புரை விழும். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் “கரும்பலகையைப் பார்க்கிறாள் இல்லை” என்று சொல்லும்போது காலம் கடந்திருக்கும். சின்ன வயதில் தொடங்கின பெண்பிள்ளைகளுக்கு இது கூட. முழங்கால் வீக்கம் வற்றின பிறகும் கண் கிளினிக்கை விடாதீர்கள். முழங்காலும் கண்ணும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை. கண்மணி வட்டமாக இல்லாமல் கோணலாகத் தெரிந்தாலோ, உள்ளே வெள்ளையாக மினுங்கினாலோ தவணைத் திகதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

மாத்தளன் பக்கம் இருந்து: “2009இல் செல் பட்டு வலது கண் போனது. பீஸ் உள்ளுக்கை இருக்கெண்டு அப்ப சொன்னவை, எடுக்கேல்ல. இப்ப நல்ல கண்ணும் மங்குது, வெளிச்சம் கூசுது. அந்தக் கண்ணால இந்தக் கண் கெடுமா?”

கெடலாம். இதை வாசித்த உடனே கண் கிளினிக்குக்குப் போங்கள், தவணை இல்லாவிட்டாலும் போங்கள். மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள்.

ஒரு கண் துளைபட்டால் அதுவரை உடம்பின் பாதுகாப்புத் தொகுதி காணாத கண்ணின் உட்பொருள் அதன் பார்வைக்கு வந்துவிடுகிறது. அதைப் பகை என்று எடுத்துக்கொண்டு காயம் படாத கண்ணையும் தாக்கத் தொடங்கும். பிறெயில் எழுத்தைத் தந்த லூயி பிறெயில், 3 வயதில் தகப்பனின் தோல் தைக்கிற ஊசியால் ஒரு கண்ணில் குத்துப்பட்டு 5 வயதுக்குள் இரண்டு கண்ணும் தெரியாமல் போனவர்; அது இந்த வருத்தம்தான் என்று கருதுகிறார்கள். அபூர்வமாக வருவது. வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு வருடத்துக்குள் வந்துவிடும். ஆனால் பல பத்தாண்டு கழித்து வந்த கதைகளும் பதிவில் உண்டு. “இவ்வளவு காலம் ஒண்டும் இல்லை, இனி என்ன” என்று இருந்துவிட ஏலாது.

உங்களுக்கு அதுவாக இல்லாமலும் இருக்கலாம். இந்தக் கண்ணுக்கு அதற்கென்று தனியாக ஒரு யுவியைட்டிஸ் வந்திருக்கலாம், வெறும் புரையாகவும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். அதுதான் என்றால் துளி மட்டும் காணாது, கூடின அளவில் ஸ்டீரொயிட் குளிசையோ ஊசியோ உடனே தொடங்க வேண்டும். உடனே தொடங்கினால் நல்ல கண்ணைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. கெட்ட கண்ணை இப்போது எடுத்துவிட்டால் மற்றக் கண் தப்பும் என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். அழற்சி தொடங்கின பிறகு எடுப்பதால் பயன் உண்டு என்று உறுதியாகச் சொல்ல ஏலாது.

பீஸ், அதாவது உள்ளே நிற்கிற செல் துண்டு, பற்றியும் ஒன்று. இரும்பு என்றால் கண்ணுக்குள் மெல்லக் கறள் கட்டி அந்தக் கண்ணைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். கண்ணில் என்றில்லை, உடம்பில் எங்கே பீஸ் இருந்தாலும், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லும் எந்த டொக்டருக்கும் எந்த ஊழியருக்கும் முதலில் அதைச் சொல்லுங்கள். அந்த மெசினின் காந்தம் இரும்பை அசைத்துவிடும். கண்ணுக்குள் அசைந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சி.ரி. ஸ்கேனுக்கு அந்தப் பயம் இல்லை. வன்னியில் இதைக் கேட்காமல் எம்.ஆர்.ஐ. துண்டு எழுதுகிற டொக்டருக்கு, தான் எந்த ஊரில் வேலை செய்கிறேன் என்று தெரியவில்லை.

கிளிநொச்சி நகரில் இருந்து: “காரணம் தெரியாது எண்டு சொல்லி மெதொட்ரெக்சேற் தந்திருக்கினம். இன்ரநெற்றில பார்த்தால் புற்றுநோய் மருந்து எண்டு கிடக்கு. எனக்குப் புற்றுநோயா? வயது 27, பிள்ளை இன்னும் இல்லை.”

புற்றுநோய் இல்லை. புற்றுநோய்க்குக் கொடுக்கிற அளவு எங்கேயோ, கண்ணுக்குக் கொடுக்கிற அளவு எங்கேயோ. ஸ்டீரொயிட்டைக் குறைத்தவுடன் அழற்சி திரும்புகிறது என்றால் காலம் முழுக்க ஸ்டீரொயிட் தந்துகொண்டு இருக்க ஏலாது. சீனி ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு தேயும், புரை விழும். அதற்குப் பதிலாகத்தான் இது. பிடிக்க இரண்டு மூன்று மாதம் எடுக்கும், அதுவரை ஸ்டீரொயிட் குளிசையும் கூடவே ஓடும். அதை நீங்களாகத் திடீரென்று நிற்பாட்டினால் உடம்பு தாங்காது, மயங்கி விழுவீர்கள்.

எனக்குப் பயமான விசயம் வேறு. மெதொட்ரெக்சேற் கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போடுகிற மருந்து. ஒவ்வொரு நாளும் போட்டு வாய் முழுக்கப் புண்ணாகி, இரத்தக் கலங்கள் விழுந்து, விடுதியில் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கிழமை நாளைத் தெரிவுசெய்து கலண்டரில் வட்டம் போடுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைதான். வீட்டில் குளிசை எடுத்துத் தருகிறவருக்கும் அதைச் சொல்லிவையுங்கள். கூடத் தருகிற போலிக் அசிட்டை வேறொரு நாள் போடுங்கள். இரத்தம் எடுக்கச் சொன்ன திகதிகளைத் தவறவிட வேண்டாம். ஈரலையும் இரத்தக் கலங்களையும் பார்க்கத்தான் அது.

இந்த மருந்து எடுக்கும்போது பிள்ளை தங்கக்கூடாது, கருவுக்கு ஆகாது. குடும்பக் கட்டுப்பாட்டு முறை ஒன்றை இப்போதே பாவியுங்கள். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போது முதலில் டொக்டரிடம் சொல்லுங்கள். வேறு மருந்துக்கு மாற்றி, இடைவெளி விட்டு, பிறகு பெறலாம். அப்படிப் பெற்றவர்கள் நிறையப் பேர்.

நெடுங்கேணியில் இருந்து: “ஐயாவுக்கு 58 வயது. கண் அழற்சிக்கு மருந்து விட்டு விட்டுப் புரை விழுந்திட்டுது. ஒப்பரேசனுக்குப் போக, இப்ப ஏலாது எண்டு ரெண்டு தரம் திருப்பி விட்டிட்டினம். காசு கட்டித் தனியார் ஆசுபத்திரியில செய்விக்கலாமா?”

யார் செய்தாலும் கண் அடங்கி மூன்று மாதமாவது சும்மா இருந்த பிறகுதான் செய்யவேண்டும். அழற்சி நிற்கும் கண்ணில் கத்தி வைத்தால் புரை போகும், அழற்சி இரட்டிப்பாகும், விழித்திரையில் நீர் கோர்க்கும். வைத்த வில்லைக்கு முன்னால் சவ்வு படரும். திருப்பி அனுப்பினவர் ஐயாவுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார், அதை விளங்கப்படுத்தாமல் அனுப்பினது அவருடைய பிழை. வன்னிக் கிளினிக்கில் ஒரு காலமையில் நூறு பேர் வந்து நின்றால் விளங்கப்படுத்த நேரம் கிடையாது. நானும் அந்தப் பிழையை நிறைய விட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஐம்பது தாண்டின ஒருவருக்குப் புதிதாக அழற்சி தொடங்கி, ஸ்டீரொயிட்டுக்குச் சரியாக அடங்காமல் இழுபட்டால், அது அழற்சி மாதிரி நடிக்கிற வேறொன்றா என்று பார்க்கவேண்டும். அபூர்வமாக, இரத்தக் கலங்களில் வருகிற ஒரு வகைப் புற்று அப்படி வரும். ஐயாவுக்கு எத்தனை வயதில் தொடங்கியது என்று டொக்டருக்குத் தெரியுமா என்று பாருங்கள், பழைய கொப்பியையும் கொண்டு போங்கள். மூன்று மாதத்தைக் கடைசியாகக் கண் சிவந்த நாளில் இருந்து எண்ணாதீர்கள். மெசினில் பார்த்து “கலம் இல்லை” என்று எழுதின நாளில் இருந்து எண்ணுங்கள். அந்தத் திகதியைக் கொப்பியில் சிவப்புப் பேனையால் கோடு போட்டு வைத்தால், அடுத்த முறை புது டொக்டர் வந்திருந்தாலும் காட்டலாம்.